அரை மில்லிமீற்றரைத் தேடிக் கொக்குவிலுக்கு

1990 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டேன். கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. கொக்குவிலில் ஒரு பிரிண்டர் மைத்துளியை அரை மில்லிமீற்றர் தள்ளி விழுத்துகிறதாம், ஏன் என்று பார்க்கப் போனேன். இப்படி ஒரு காரணத்துக்காக நானூறு கிலோமீற்றர் போனவன் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு சின்னக் கம்பனியில் பிரிண்டர் திருத்துவது வேலை. ஊசி குத்தி அச்சடிக்கும் பிரிண்டர்கள்தான் அதுவரை எனக்குச் சோறு போட்டன. இங்க்ஜெட் அப்போதுதான் வந்திருந்தது. நாங்கள் விற்ற முதல் சிலவற்றில் ஒன்றை ஆறு கிழமைக்கு முன் கொக்குவிலில் ஒரு நில அளவையாளர் வாங்கியிருந்தார். அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மொத்தம் நாலு வரி. கோடுகள் உடைகின்றன, விலகல் அரை மில்லிமீற்றர், ஐந்நூறுக்கு ஒன்று என்ற அளவில் உள்ள என் வரைபடத்தில் அது பூமியில் ஒரு சாண், ஆள் அனுப்பவும் அல்லது மெசினை எடுத்துப் போகவும். முதலாளி கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டு, “இந்த ஆள் கோபமும் ஸ்கேல் வைத்துத்தான் படுகிறார் போல” என்றார்.

கோட்டையில் இருந்து ரயில் காலை ஐந்தே முக்காலுக்கு. இரண்டாம் வகுப்புச் சீட்டு நூற்றைம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த மாதங்களில் பாதை ஓரளவு அமைதியாக இருந்தது, ரயிலும் ஓடியது. சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். கேட்காமல் போய் மாகோ வரைக்கும் பட்டினி கிடந்தேன். அங்கே ஜன்னல் வழியாக வாங்கிய கடலை வடையில் கடலையைவிட மிளகாய் அதிகம்.

வவுனியாவில் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பைக்குள் இருந்தவை: சின்னத் திருப்புளிகள், பூதக்கண்ணாடி, வோல்ட் மீற்றர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், மூன்று மைக் கார்ட்ரிட்ஜ். இந்தப் பட்டியலை எந்தச் சோதனைச் சாவடியும் ரசிக்காது. சீருடைக்காரர் ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். எச்சரிப்பதற்குள் அடிப்பக்கத்தைத் தடவினார். வோட்டுப் போட்டவர் போல விரல் கறுத்துவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்ததால் நான் தப்பினேன். நாற்பது நிமிடம் போனது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் வெள்ளை உப்புத் தரையும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நட்டமில்லை. யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கியபோது பிற்பகல் இரண்டு இருபது. வெளியே பழைய ஒஸ்ரின் கார்கள் வரிசையாக நின்றன. முதலில் நின்ற காரின் சாரதி, அறுபது வயது இருக்கும், என் பையைத் தானே வாங்கி முன்சீட்டில் வைத்தார்.

“எங்கை தம்பி போகோணும்?”

“கொக்குவில். நில அளவையாளர் சிவபாதம் வீடு.”

“ஓ, அளவைக்காரரிட்டையோ? காணிப் பிரச்சினையோ?”

“இல்லை. அவருடைய மெசின் திருத்த.”

“அந்த ஆளிட்டை மெசினும் பிழை விடுதோ?” என்று சொல்லி நன்றாகச் சிரித்தார். “எங்கடை தேப்பன்ரை காணியை அவர்தான் அளந்தவர். ஒரு அங்குலம் அங்காலை இஞ்சாலை இல்லை. சொந்தக்காரர் எண்டும் பார்க்கமாட்டார்.” நாலு கிலோமீற்றருக்கு நாற்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். போகும் வழியெல்லாம் அந்த ஆளின் நேர்மையைப் பற்றியே கதைத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ‘தூசியாக இருக்கும் ஐயா’ என்று சொல்லித் தப்ப முடியாது.

வீடு ரயில் பாதைக்குக் கிட்ட, உயர்ந்த மதிலுக்குள். முன்னறைதான் அலுவலகம். சிவபாதம் ஐயா நெடிய, மெலிந்த மனிதர். நெற்றியில் மூன்று குறி விபூதி, அதுவும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில். கடிதம் போலவே பேச்சும் நாலு வரிதான். “வாரும் தம்பி. களைப்பாறும். தேத்தண்ணி குடியும். பேந்து பிழையைக் காட்டுறன்.” அவருடைய மகள் வதனிக்கு இருபத்துநாலு வயது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அவளுடைய பொறுப்பு. களத்தில் அவர் அளந்து எழுதி வரும் எண்களைக் கோடுகளாக மாற்றும் புரோகிராமை அவளே எழுதியிருந்தாள். கொழும்பில் அப்போது அதைச் செய்யத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அவள் எடுத்து வைத்த வரைபடத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமலே பார்க்க முடிந்தது. மேலிருந்து கீழே வரவேண்டிய ஒரு நேர்கோடு, நாலு மில்லிமீற்றர் வந்ததும் ஒரு படி வலப்பக்கம், அடுத்த நாலு மில்லிமீற்றருக்கு ஒரு படி இடப்பக்கம் என்று இறங்கியது. படிக்கட்டு வரைந்தது போல இருந்தது. சிவபாதம் ஐயா வெளியே போனதும் வதனி குரலைத் தாழ்த்தி முழுக் கதையையும் சொன்னாள்.

பண்டத்தரிப்பில் இரண்டு சகோதரிகள், மூத்தவ பாக்கியமும் இளையவ ராசம்மாவும். தாயின் காணியைப் பிரிக்கிறார்கள். ஐயா போய் அளந்து, எல்லையின் இரண்டு முனையிலும் கல் நாட்டினார். வதனி வரைபடத்தை அச்சடித்துப் பார்த்தாள், கோடு உடைந்திருந்தது. திருத்தி மறுபடி எடுக்கலாம் என்று வைத்திருந்தபோது, ஐயா இல்லாத நேரம் பார்த்துப் பாக்கியத்தின் கணவர் வந்து, வேலி அடைக்க ஆள் நிற்கிறது என்று அவசரப்படுத்தினார்.

“கையெழுத்தில்லாத படம், எண்ணை மட்டும் பாருங்கோ எண்டு சொல்லித்தான் குடுத்தனான். அவை கோட்டைப் பார்த்து அடைச்சுப்போட்டினம்.”

“எப்படி?”

“கோடு எப்பிடிக் கிடக்கோ அப்பிடியே. ஆறரை அடிக்கு ஒரு சாண் அங்காலை, ஆறரை அடிக்கு ஒரு சாண் இஞ்சாலை.”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“வேலி நடுவிலை ஒரு பிலாமரம் நிக்குது, அண்ணை. வளைவாலை அது பெரியவவின்ரை பக்கம் போயிட்டுது. சின்னவ வேலிக் கதியாலைப் பிடுங்கி எறிஞ்சிட்டா. மூண்டு கிழமையாக் கதை பேச்சில்லை. திங்கட்கிழமை நொத்தாரிசிட்டைக் காணி உறுதி எழுதவேணும். அதுக்கிடையிலை மெசின் சரிவராட்டி உங்களோடையே அனுப்பிறதெண்டு அப்பா சொல்லிப்போட்டார். மெசின் போனா நானும் இந்த மேசையை விட்டு எழும்பவேணும். மாமா ரியூட்டரியிலை கணக்குப் படிப்பிக்க இடம் பார்த்து வைச்சிருக்கிறார்.”

“படிப்பிப்பதும் நல்ல வேலைதானே?”

“நல்ல வேலைதான். ஆனா எனக்குப் பிடிச்சது இது.”

சட்டைக் கையை மடித்துவிட்டு மெசினைத் திறந்தேன்.

இங்க்ஜெட்டில் துளி ஏன் இடம் தவறி விழுகிறது என்பதைப் பயணப் பக்கத்தில் எழுதுகிறானே என்று கோபிக்க வேண்டாம். பஸ்ஸை வைத்தே சொல்லிவிடலாம். ஓடுகிற பஸ்ஸில் இருந்து குதிக்கிறவன் நேரே கீழே விழுவதில்லை. பஸ் போகும் பக்கமாகத் தள்ளித்தான் விழுவான். தாளுக்கு மேலே கார்ட்ரிட்ஜைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி ஓடுகிறது. அதில் இருந்து பாயும் துளியும் அப்படித்தான். வண்டி வலப்பக்கம் போனால் துளி வலப்பக்கம் தள்ளும், திரும்பி வந்தால் இடப்பக்கம். எவ்வளவு தள்ளும் என்பது வண்டியின் வேகம், துளியின் வேகம், துளைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றில் இருக்கிறது. பிரிண்டர் இதையெல்லாம் கணக்குப் பண்ணி, கொஞ்சம் முந்தியே துளியை விடும். கணக்கில் ஏதாவது ஒன்று மாறினால், போகும்போது போட்ட கோடும் வரும்போது போட்ட கோடும் ஒட்டாது.

ஆகவே சந்தேக நபர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். முதலில் மின்சாரம். மீற்றரில் சில நேரம் நூற்றுத் தொண்ணூறு வோல்ட்தான் காட்டியது, ஆனால் இருநூற்று முப்பது வந்தபோதும் கோடு உடைந்தது. அடுத்தது தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி. காற்று துளியைத் தள்ளலாம். நிற்பாட்டினேன். கோடு மாறவில்லை, எனக்குத்தான் வியர்த்தது. தாள் ஈரம் குடித்து நெளிந்திருக்கிறதா என்று பார்த்தேன். வதனி தாளைப் பொலித்தீனில் சுற்றிப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தாள். வண்டியை இழுக்கும் பட்டி இறுக்கமாகவே இருந்தது. துளை வாயில் மை காய்ந்தால் துளி கோணலாகப் பாயும். கழுவினேன். எழுத்து கொஞ்சம் கறுத்தது, படிக்கட்டு படிக்கட்டாகவே நின்றது.

கடைசியாகக் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் திருப்பினேன். அதன் முதுகு சாய்ந்திருக்கும் இடத்தில், மண்ணிறமாக, மையோடு கலந்து காய்ந்த ஒரு படை இருந்தது. ஒழுகின மை தூசியோடு சேர்ந்து இறுகிவிட்டது என்று நினைத்தேன். அதனால் கார்ட்ரிட்ஜ் பூட்டில் சரியாக விழாமல், ஆடுகிற பல் மாதிரி நின்றது. வண்டி திரும்பும் ஒவ்வொரு தரமும் அதுவும் பக்கம் மாறிச் சாய்ந்தது. சுரண்டித் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அச்சடித்தோம். மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு.

வதனி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிரவு இடியப்பமும் சொதியும். நான் பதினாறு இடியப்பம் சாப்பிட்டேன் என்று எண்ணியது சிவபாதம் ஐயாவாகத்தான் இருக்கும். “நாளைக்குக் காலமை நல்ல படமா எடுத்துத் தாரும், கையெழுத்து வைக்கிறன்” என்று மட்டும் சொன்னார். முன்னறையிலேயே படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கிணற்றில் குளித்துவிட்டு வந்தபோது வீடெல்லாம் சாம்பிராணி வாசம். ஒன்பது மணிக்கு வதனி நல்ல தாளைப் போட்டு அச்சடித்தாள். படிக்கட்டு திரும்பி வந்திருந்தது. முந்தியதைவிட மோசமாக.

நான் அசடு வழிந்துகொண்டு கார்ட்ரிட்ஜைக் கழற்றினேன். அதன் முதுகில் வட்டமாக, ஈரமாக, மஞ்சளாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அறையைச் சுற்றிப் பார்த்தோம். கோணம் அளக்கும் கருவியின் நெற்றியில் பொட்டு. அளவுச் சங்கிலிப் பையில் பொட்டு. கம்ப்யூட்டர் திரையின் மேல்விளிம்பில் பொட்டு. பிரிண்டர் மூடியில் மட்டும் இல்லை.

“அப்பா ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறவர்” என்றாள் வதனி, சத்தமே இல்லாமல். “மூடியிலை வைக்கிறது சட்டையிலை பொட்டு வைக்கிற மாதிரி, வேலை செய்யிற சாமானுக்குத்தான் வைக்கவேணும் எண்டு ஒருக்காச் சொன்னவர். நான் அதைக் கவனிக்கேல்லை.” அவள் சோதனைக்காக எடுத்த தாள்களில் தேதி போட்டு வைத்திருந்தாள். அடுக்கிப் பார்த்தோம். முதல் கிழமை சுத்தம். பிறகு வெள்ளிக்கு வெள்ளி விலகல் கூடியிருந்தது. சந்தனம் காய்ந்து, அதன் மேல் அடுத்த சந்தனம் ஏறி, மை ஊறி, மண்ணிறமாகியிருக்கிறது. கார்ட்ரிட்ஜை அவர் தானே கழற்றி, பொட்டு வைத்து, திரும்ப வைத்திருக்கிறார். அது ‘டக்’ என்று சொல்லாதது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

நான் எழுந்தேன், அவரிடம் சொல்ல. வதனி கதவை மறித்தாள்.

“அண்ணை, சொல்லாதையுங்கோ. முப்பது வருசத்திலை அவரின்ரை ஒரு படம் திரும்பி வந்ததில்லை. இதைக் கேட்டா அவர் தாங்கமாட்டார். நான் வெள்ளிக்கிழமையிலை அவர் வைச்ச பிறகு இரகசியமாத் துடைச்சுவிடுறன். தூசி எண்டு சொல்லுங்கோ.”

“அப்படியென்றால் பண்டத்தரிப்பு வேலி? அது உன்னுடைய பிழையாகத்தானே இருக்கும்?”

“இருக்கட்டும்.”

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் ஒரு நாள் விருந்தாளி. தலையாட்டினேன். சுரண்டிய சந்தனத்தை ஒரு கடதாசித் துண்டில் மடித்து என் சாமான் தட்டில் வைத்தேன். ஏன் எறியவில்லை என்று கேட்டால், காரணத்தை எறியாமல் வைத்திருப்பது தொழில் பழக்கம் என்பதுதான் பதில்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் சிவபாதம் ஐயா மேசைக்கு வந்தார். காலையில் உடைந்து வந்த தாளையும் சுத்தமாக வந்த புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்ன காரணம், தம்பி?”

“தூசி, ஐயா.”

“என்ன தூசி?”

“சாதாரணத் தூசி.”

“எவ்வளவு தடிப்பு?”

“ஒரு... மில்லிமீற்றரில் மூன்றில் ஒன்று.”

“நேற்றுத் துடைச்சனீர். ஒரு ராத்திரியிலை மூண்டிலை ஒண்டு ஏறுமோ? அப்பிடியெண்டால் நாலு வருசத்திலை இந்த அறையிலை நாங்கள் முழங்காலளவு தூசியிலை நிப்பம்.”

வதனி தரையைப் பார்த்தாள். அவர் எங்களைப் பார்க்கவில்லை, என் தட்டைப் பார்த்தார். கடதாசித் துண்டை எடுத்துப் பிரித்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தன் வலக்கை மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தார். காலையில் பட்ட மஞ்சள் நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

வெளியே போனார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. வதனி அழ ஆரம்பித்தாள். எனக்கு என் மேலேயே எரிச்சல். பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“பிள்ளை, முகத்தைக் கழுவு. தம்பி, ஒரு கார் பிடியும். பண்டத்தரிப்புக்குப் போவம்.”

கொக்குவிலில் இருந்து பண்டத்தரிப்பு எட்டு மைல் என்று சாரதி சொன்னார். மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகப் போனோம். போய்த் திரும்ப, காத்து நிற்பதையும் சேர்த்து நூற்றெண்பது ரூபாய். சிவப்பு மண், வெங்காயப் பாத்திகள், இறைக்கிற மெசின் சத்தம். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் அந்த வழி மிக அழகாக இருக்கும், ஆனால் நான் பாதியைத்தான் பார்த்தேன். முன்சீட்டில் நிமிர்ந்து இருந்தவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டிலிப்பாய் தாண்டியதும் அவர் திரும்பாமலே கேட்டார், “அந்த வேலி, கோட்டிலை கிடந்த மாதிரியே அடைச்சிருக்கினமோ, பிள்ளை?”

“ஓம் அப்பா. அப்பிடியே.”

“கெட்டிக்காரர்” என்றார்.

வேலியைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூவரசங் கதியாலும் கிடுகுமாக, ஆறரை அடி நேரே, ஒரு சாண் மடிப்பு, ஆறரை அடி நேரே, எதிர்ப்பக்கம் ஒரு சாண் மடிப்பு. ஒரு பிரிண்டரின் பிழையை இவ்வளவு பக்தியோடு பூமியில் நட்டவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நடுவில் பிலாமரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஓட்டை. ராசம்மா பிடுங்கிய இடம். இரண்டு முனையிலும் எல்லைக் கற்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நேராகத்தான் நின்றன. ஒரு கயிறு பிடித்திருந்தால் போதும். ஆனால் கடதாசியில் கோடு இருக்கும்போது யார் கல்லைப் பார்க்கிறார்கள்?

இரண்டு குடும்பமும் வேலியின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. பாக்கியத்தின் கணவர் மடித்து வைத்த படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். “படத்திலை என்ன கிடக்கோ அதுதான் ஐயா சட்டம்” என்று தொடங்கினார். சிவபாதம் ஐயா கையை உயர்த்தினார்.

“நான் சொல்லுறதை எல்லாரும் கேளுங்கோ. உந்த வளைவு என்ரை பிழை. மெசினிலை பிழை இல்லை. இவ என்ரை பிள்ளையிலையும் பிழை இல்லை. எண்ணைப் பாருங்கோ எண்டு அவ சொல்லித்தான் தந்தவ. வெள்ளிக்கிழமையளிலை நான் மெசினுக்குச் சந்தனம் வைச்சனான். வைக்கப்படாத இடத்திலை வைச்சுப்போட்டன். அது கோட்டை ஒரு சாண் தள்ளிப்போட்டுது. முப்பது வருசமா மற்றவையின்ரை பிழையை அளந்து சொன்னனான். இண்டைக்கு என்ரையைச் சொல்ல வந்திருக்கிறன்.”

வதனி என் பக்கத்தில் நின்றாள். ராசம்மாதான் முதலில் வாய் திறந்தா.

“அப்ப ஐயா, நானும் அக்காவும் மூண்டு கிழமையாக் கதையாமல் இருந்தது சந்தனத்துக்கோ?”

வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் சிரித்துவிட்டா. அடக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தா. தமக்கை சிரிப்பதைப் பார்த்துத் தங்கையும் தொடங்கினா. கணவன்மார் இருவரும் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு வேலை சுருக்காக முடிந்தது. கல்லுக்குக் கல் கயிறு பிடித்தார்கள். பிலாமரம் நாலு விரல் கணக்கில் ராசம்மாவின் பக்கம் நின்றது. பாக்கியத்தின் கணவருக்கு முகம் சுருங்கியது. “விடுங்கோ, காய்க்கேக்கை எங்களுக்குத் தராமலே விடப்போறாள்” என்றா பாக்கியம். “தருவன், ஆனா அவருக்கில்லை” என்றா ராசம்மா, அத்தானைக் காட்டி. தேத்தண்ணி இரண்டு வீட்டில் இருந்தும் வந்தது. மறுத்தால் திரும்பச் சண்டை வரும் என்று பயந்து இரண்டையும் குடித்தேன்.

கடைசிப் பகுதியைச் சொல்ல முன் அறிவுரைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது யாழ்ப்பாணம் போகிறவர்கள் ரயில் நேரத்தைப் புறப்படுமுன் சரிபாருங்கள். அந்த வருட நடுப்பகுதியில் நின்ற ரயில் திரும்ப ஓட எத்தனையோ வருடம் எடுத்தது, இன்றும் அட்டவணை மாறுவதுண்டு. தை, மாசியில் போனால் வெயில் தாங்கலாம். கொக்குவிலில் இருந்து பண்டத்தரிப்புக்குச் சைக்கிளில் போக முடியும், ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை வீடுகளில் மீன், இறைச்சி கிடைக்காது. இங்க்ஜெட்டோடு பயணம் செய்கிறவர்கள் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் தனியே மூடி வையுங்கள், தாளை ஈரத்துக்குக் காட்டாதீர்கள், திரும்ப வைக்கும்போது ‘டக்’ சத்தம் கேட்கும் வரை கையை எடுக்காதீர்கள். பொட்டு வைக்கிறவர்கள் தாராளமாக வையுங்கள், மூடிக்கு வெளியே. காணி வாங்குகிறவர்கள் கோட்டை அளக்காமல் எண்ணைப் படியுங்கள். எங்கே போனாலும் காரணம் கேட்டால் தூசி என்று சொல்லாதீர்கள். நான் அந்தப் பயணத்துக்குப் பிறகு சொன்னதில்லை.

அன்று பின்னேரம் ஆறரைக்குக் கொக்குவில் திரும்பினோம். வதனி பண்டத்தரிப்புப் படத்தைப் புதிதாக அச்சடித்தாள். சிவபாதம் ஐயா என் பூதக்கண்ணாடியை வாங்கி, உருக்கு அளவுகோலை வைத்து, அந்த எல்லைக் கோட்டை ஏழு இடத்தில் அளந்தார். ஏழிலும் ஒரே எண். படத்தின் அடியில் இரண்டு இடம் இருந்தது, அளந்தவருக்கு ஒன்று, வரைந்தவருக்கு ஒன்று. அதுவரை இரண்டிலும் அவர்தான் கையெழுத்து வைப்பாராம். அளந்தவர் என்ற இடத்தில் வைத்தார். பிறகு பேனையையும் படத்தையும் மகளின் பக்கம் தள்ளினார்.

“அப்பா, அப்ப ரியூட்டரி...”

“மாமாவுக்கு நான் சொல்லுறன். திங்கட்கிழமை நொத்தாரிசிட்டை நீயும் வா. கோட்டைப் பற்றிக் கேட்டா, வரைஞ்ச ஆள்தான் பதில் சொல்லவேணும்.”

வதனி பேனையை எடுத்தாள். அவசரமாக எழுதினாள். பெயர் தொடங்கிய இடத்தில் இருந்து சரிந்து, கீழே போட்டிருந்த கோட்டையும் தாண்டிப் போய்விட்டது. அவள் பயந்துபோய்த் தகப்பனைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்திருந்தால் படத்தைக் கிழித்துப் புதிது போடச் சொல்லியிருப்பார் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“பரவாயில்லை, பிள்ளை” என்றார். “உது வேலி இல்லையே.”